இரண்டே பாயின்ட் எடுக்கும் பையனை கோச் ஏன் மறுபடி மறுபடி இறக்குகிறார்?

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஓர் அப்பாவின் கேள்வி இது. அவருடைய மகன் மலைக்குக் கீழே, கம்பம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி கூடைப்பந்து டீமில் இருக்கிறான். விடியற்காலையில் ஒரு பிராக்டிஸ், சாயங்காலம் இன்னொன்று. மேட்ச் என்று வந்தால் பெஞ்சிலிருந்து பாதியில் இறங்குகிறான், இரண்டோ நாலோ பாயின்ட் எடுக்கிறான், முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்போடு வீட்டுக்கு வருகிறான். அதே டீமில் இன்னொரு பையன் இருபது பாயின்ட் போடுகிறான், பேப்பரில் படம் வருகிறது. "எம் பையனை வெறும் ஓட்டத்துக்கு வச்சிருக்காங்களா? விட்டுட்டுப் படிப்பைப் பாருன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்கு அப்படிச் சொல்லாதீர்கள். கல்லூரி டீம்களைப் பல வருஷம் பழக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோச் உங்கள் பையனைச் சும்மா இறக்கவில்லை. ஆனால் "உழைப்பு வீண்போகாது" என்று பொத்தாம்பொதுவாக ஆறுதல் சொல்லவும் எனக்கு மனசில்லை. சில சமயம் வீணாகவும் போகும். எப்போது போகாது, எப்போது போகும் என்று பார்ப்போம்.

நீங்கள் பாயின்ட்டை வைத்து எடைபோடுவதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஸ்கோர் டேபிளில் இருக்கிற தாளே அப்படித்தான். கூடைப்பந்தின் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் ஓர் ஆட்டக்காரருக்கு என்ன எழுதுவார்கள் தெரியுமா? இறங்கினாரா, எத்தனை ஃபவுல், எத்தனை பாயின்ட், அவ்வளவுதான். ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எடுப்பதற்கு, அதில் கட்டம் கிடையாது. ஸ்கிரீன் போட்டு எதிராளியை வழியில் மறித்ததற்கோ, தரையில் விழுந்து பந்தைப் பிடித்ததற்கோ கிடையாது. பெரிய லீக் ஆட்டம் என்றால் தனியாகக் கணக்கெடுக்க ஆள் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊர்க் கல்லூரி ஆட்டங்களில் பெரும்பாலும் அந்த ஒரு தாள்தான். சாயங்காலம் பேப்பருக்குப் போவதும் அதில் இருக்கிற எண்தான். அதனால் உங்கள் பையன் செய்கிற வேலையில் முக்கால்வாசி எழுதப்படாமலே போகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆட்டம் 40 நிமிடம். தோராயமாக அதில் பாதி நேரம், 20 நிமிடம், பந்து நம் டீமிடம் இருக்கும். கோர்ட்டில் ஐந்து பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 4 நிமிடம். கையில் பந்தே இல்லாமல் ஒருவன் ஆடுகிற நேரம் 36 நிமிடம்! இருபது பாயின்ட் போடுகிற பையன் பந்தைக் கூடுதலாக வைத்திருப்பான், அதனால் மற்றவர்களுக்கு இன்னும் குறையும். கல்லூரி கோச் ஒருவர் டீம் எடுக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, மீதி நாலு பேர் பந்து இல்லாத நேரத்தில் என்ன செய்வார்கள் என்பதுதான். ஐந்து பேரும் பந்து கேட்கிற டீமை நான் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், மூன்றாவது குவார்ட்டரில் தோற்றுவிடும்.

சரி, அந்த 36 நிமிடத்தில் என்ன வேலை இருக்கிறது?

முதலாவது பாக்ஸ் அவுட். எதிராளி ஷூட் செய்தவுடன் எல்லோருடைய கண்ணும் பந்தோடு மேலே போகும். நல்ல உழைப்பாளி அந்த நொடியில் பந்தைப் பார்க்க மாட்டான். தன் ஆளைத் தேடிப் போய், முதுகை அவன் மார்பில் வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, வளையத்துக்குப் போகும் வழியை அடைத்துவிடுவான். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது, அடைபட்ட அந்த ஆறடி மூன்றங்குலப் போஸ்ட் பிளேயர் (வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) குதிக்கக்கூட இடம் இல்லாமல் நிற்பான். பந்தை எடுப்பது நம் பக்கம் வேறு ஒருவனாக இருக்கலாம். கைதட்டும் அவனுக்குத்தான். ஆனால் அந்த ரீபவுண்ட் யாருடையது என்று கோச்சுக்குத் தெரியும். எதிர் டீம் அந்தப் பந்தைத் திரும்ப எடுத்திருந்தால் அவர்களுக்கு ஷூட் செய்யப் புதிதாக 14 விநாடி கிடைத்திருக்கும், அதுவும் வளையத்துக்குப் பக்கத்திலேயே. அந்த மாதிரி வாய்ப்பு பாதிக்குப் பாதி பாயின்ட்டில் முடியும்.

இது பயிற்சியில் வருகிற புத்தி, உடம்பு மட்டும் இல்லை. கார்னரிலிருந்து தவறுகிற பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் விழும். தூரத்திலிருந்து போட்டது தூரமாகத் தெறிக்கும். டென்னிஸ் ராட்மேன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் இந்த ஒன்றையே வாழ்நாள் தொழிலாக வைத்துக்கொண்டார். ஒரு ஆட்டத்துக்கு அவருடைய சராசரி 7.3 பாயின்ட்தான். ஆனால் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன் அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்பிஏவில் ரீபவுண்டில் முதலிடம், ஐந்து முறை சாம்பியன் டீமில் இடம். படித்தது ஓக்லஹோமாவில் ஒரு சின்னக் கல்லூரியில். அவருடைய நடத்தையை உங்கள் பையன் பின்பற்ற வேண்டாம், அது வேறு கதை.

இரண்டாவது ஸ்கிரீன். இருபது பாயின்ட் பையன் தனியாக நின்று அலட்டாமல் ஷூட் செய்கிறானே, அவனுடைய டிஃபெண்டர் எங்கே போனான் என்று ஒருமுறை பாருங்கள். எங்கோ வழியில் உங்கள் பையன் இரண்டு காலையும் ஊன்றி அசையாமல் நின்றிருப்பான், டிஃபெண்டர் ஓடிவந்து அவன் மேல் முட்டி நின்றிருப்பான். சிராய்ப்பும் நெஞ்சு வலியும் வருவது இதில்தான். அசைந்தால் ஃபவுல் என்பதால் முட்டு வரும் என்று தெரிந்தும் அப்படியே நிற்க வேண்டும். மூன்று ஸ்கிரீன் ஒழுங்காக விழுந்தால் ஷூட்டருக்கு இரண்டு திறந்த ஷாட் கிடைக்கும். ஸ்கிரீன் போட்டவனுக்குத் தாளில் எதுவும் கிடையாது.

மூன்றாவது சார்ஜ் வாங்குவது. வளையத்துக்குப் பக்கத்தில் ஓடிவந்து பந்தைப் போட, லே அப்புக்கு, வேகமாக வருகிறவனுக்கு எதிரே முன்கூட்டியே போய், இரண்டு காலும் தரையில் இருக்க நேராக நின்று, மோதலை நெஞ்சில் வாங்கிக்கொண்டு மல்லாக்க விழுவது. தைரியம் மட்டும் போதாது. வளையத்துக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் ஒரு அரைவட்டக் கோடு இருக்கும், அதற்குள் நின்று வாங்கினால் சார்ஜ் கிடைக்காது. சரியாக வாங்கினால் என்ன ஆகும்? அவர்கள் போட இருந்த இரண்டு பாயின்ட் போனது. பந்து நமக்கு வந்தது. முட்டியவனுக்கு ஒரு ஃபவுல். அவன் எதிர் டீமின் ஸ்டாராக இருந்து அது நாலாவது ஃபவுலாகவும் இருந்தால் அவனுடைய கோச் அவனை பெஞ்சில் உட்கார வைத்தே ஆக வேண்டும், ஐந்தாவது விழுந்தால் ஆட்டமே போச்சு. ஒரே விழுகையில் இத்தனை.

தோராயமாகக் கூட்டிப் பார்க்கலாம். ஓரளவு தரமான ஆட்டத்தில் பந்து ஒருமுறை கைக்கு வந்தால் சராசரியாக ஒரு பாயின்ட்டுக்குக் கொஞ்சம் முன்பின்னாக மதிப்பு. உங்கள் பையன் இறங்கிய பதினைந்து நிமிடத்தில் ஒரு சார்ஜ், யார் கையிலும் இல்லாமல் உருளும்போது தரையில் பாய்ந்து பிடித்த இரண்டு லூஸ் பால், எதிர்ப்பக்க வளையத்தில் எடுத்த இரண்டு ரீபவுண்ட் என்று வையுங்கள். நாலைந்து பாயின்ட் அங்கேயே வந்துவிட்டது. இந்த வட்டார மேட்ச்களில் பாதி ஆட்டம் நாலைந்து பாயின்ட் வித்தியாசத்தில்தானே முடிகிறது? அவன் போட்ட இரண்டு பாயின்ட்டை இதற்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்றே தனித் தாள் வைத்திருக்கிறார்கள். ரிக் பிட்டினோ என்ற கோச், எதிராளியின் பாஸிலோ, தரையில் தட்டிக்கொண்டு போகும் டிரிபிளிலோ நம் விரல் பட்டுத் திசை மாறிய ஒவ்வொரு தடவையையும் எண்ணச் சொல்வார். ஒரு ஆட்டத்துக்கு டீமாக 35 என்பது அவர் வைத்த இலக்கு. 1996இல் அவருடைய கென்டக்கி டீம் சாம்பியன் ஆனது. முழுக் கோர்ட்டிலும் நெருக்கி ஆடுகிற அந்த முறைக்கு ஐந்தாறு பேர் போதாது, பெஞ்சிலிருந்து வந்து நாலு நிமிடம் மூச்சு முட்ட ஓடிவிட்டுப் போகிற ஆட்கள் வேண்டும். உங்கள் பையனின் கோச் இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். வைத்திருந்தால் நல்ல இடத்தில்தான் இருக்கிறான்.

உதாரணம் என்று ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமானால் 2016 ஏப்ரலில் ஹூஸ்டனில் நடந்த அமெரிக்கக் கல்லூரி இறுதி ஆட்டத்தைத்தான் சொல்வேன். வில்லனோவாவும் நார்த் கரோலினாவும் ஆடின. ஆட்டம் முடிய 4.7 விநாடி இருக்கும்போது ஸ்கோர் 74-74. பந்து வில்லனோவாவுக்கு. அடுத்து நடந்ததை யூடியூபில் கோடிப் பேர் பார்த்திருப்பார்கள்: ஆர்ச்சிடியாகோனோ பந்தை டிரிபிள் செய்து கொண்டுவந்தார், பின்னால் வந்த கிரிஸ் ஜென்கின்ஸுக்குக் கொடுத்தார், ஜென்கின்ஸ் எறிந்த மூன்று பாயின்ட் ஷாட் பஸ்ஸரோடு உள்ளே விழுந்தது. 77-74. ஆனால் அந்தக் கடைசி 4.7 விநாடி ஓடத் தொடங்குவதற்கு முந்தைய சில விநாடிகளைப் பாருங்கள். டேனியல் ஓச்செஃபு என்ற உயரமான சென்டர் ஆட்டக்காரர், தரை துடைக்கிறவரிடமிருந்து மாப்பை வாங்கித் தானே தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார். சற்றுமுன் அவர் விழுந்து எழுந்ததில் அங்கே வியர்வை ஈரம். அந்த இடத்தில்தான் அவர் ஸ்கிரீன் போடப் போகிறார், அதைச் சுற்றித்தான் ஆர்ச்சிடியாகோனோ ஓடிவர வேண்டும். சறுக்கினால் சாம்பியன்ஷிப் போச்சு. துடைத்தார், ஸ்கிரீன் போட்டார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த ஸ்டேடியத்தில் அதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருந்திருப்பார்கள். இத்தனைக்கும் அவர் பெஞ்ச் ஆள்கூட இல்லை, ஆரம்ப ஐந்தில் ஆடியவர்.

"பெஞ்சிலிருந்து இறங்குகிறான்" என்று நீங்கள் எழுதியதில் ஒரு குறை தொனிக்கிறது. அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக டீம் அசைக்க முடியாத டீம். ஜான் வுடன் கோச், பில் வால்டன் சென்டர். 1972இலும் 1973இலும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியன். வால்டனுக்கு மாற்றாக ஸ்வென் நேட்டர் என்ற பையன் பெஞ்சில் இருந்தான். அவனுடைய பெரிய வேலையே பிராக்டிஸில் தினமும் வால்டனோடு மோதுவது, நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரனுக்கு மேட்ச்சில் கிடைக்காத எதிர்ப்பைப் பிராக்டிஸில் கொடுப்பது. கல்லூரிக் காலம் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட ஆரம்ப ஐந்தில் அவன் பெயர் இல்லை. ஆனால் 1973இல், டீம்கள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் என்பிஏ தேர்வில், முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். அப்போது போட்டியாக இருந்த ஏபிஏ லீக்கில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனான். பிறகு ஏபிஏ, என்பிஏ இரண்டிலும் ரீபவுண்டில் முதலிடம் பிடித்தான். இரண்டு லீக்கிலும் அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். தினமும் வால்டனோடு முட்டியது சும்மா போகவில்லை பாருங்கள். எல்லோருக்கும் இப்படி நடக்காது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெஞ்ச் என்பது தண்டனை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

நீங்கள் குமுளிக்காரர், அதனால் இதையும் சொல்கிறேன். இடுக்கிப் பக்கம் வாலிபால் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. வாலிபாலில் லிபரோ என்று ஒருவர் வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் உருண்டு புரண்டு பந்து எடுப்பார். அவர் பிளாக் செய்யக் கூடாது, நெட்டுக்கு மேலிருந்து அடிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. 1998இல் சர்வதேச ஆட்டத்துக்கு அந்த இடம் வந்தது. அடிக்காத அந்த ஆளை யாராவது "இவன் எதுக்கு டீமில்" என்று கேட்கிறார்களா? நல்ல லிபரோவுக்குக் கேரளத்துக் கேலரி எழுந்து நின்று கத்தும். கூடைப்பந்தில் அதே வேலை செய்கிறவனுக்குத் தனிச் சட்டை இல்லை, அதுதான் வித்தியாசம்.

இனி மறுபக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பாதிப் பதில்தான் கொடுத்ததாக ஆகும்.

உழைப்பு மட்டும் வைத்திருக்கிற ஆட்டக்காரன் ஒரு கட்டத்தில் டீமுக்குப் பாரம் ஆவான். காரணம் எளிது. அவனுக்கு ஷூட் வராது என்று எதிர் கோச் கண்டுபிடித்துவிட்டால், அவனுக்கு ஆளே போட மாட்டார். அவனைக் காவல் காக்க வேண்டியவன் அவனை அம்போவென்று விட்டுவிட்டு, உங்கள் இருபது பாயின்ட் பையன் மேல் இரண்டாவது ஆளாகப் போய் விழுவான். நாலு பேரோடு ஐந்து பேரை எதிர்த்து ஆடுவது மாதிரி ஆகிவிடும். நல்ல டீம்களிடம் இது இரண்டாவது குவார்ட்டரிலேயே நடக்கும். அதனால் உங்கள் பையனுக்கு ஒரே ஒரு ஷாட்டாவது உறுதியாக வேண்டும். பத்து விதம் தேவையில்லை. கார்னரில் நின்று போடும் மூன்று பாயின்ட் ஷாட் நல்ல தேர்வு. கோடு மற்ற இடங்களில் 6.75 மீட்டர், கார்னரில் 6.60, கொஞ்சம் கிட்ட. புரூஸ் போவன் என்று ஒருவர், என்பிஏ தேர்வில் எந்த டீமும் எடுக்காத ஆள், கடுமையான டிஃபென்ஸையும் இந்த ஒரு கார்னர் ஷாட்டையும் வைத்துக்கொண்டு சான் அன்டோனியோ டீமோடு மூன்று சாம்பியன்ஷிப் வாங்கினார். அது முடியாவிட்டால், எதிராளியின் ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃபிரீ த்ரோவாவது. பிராக்டிஸ் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு தினம் நூறு பந்து போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உழைக்கிற பையன்களைச் சுரண்டுகிற இடங்களும் உண்டு. பந்து பொறுக்க, ஸ்டாருக்குப் பாஸ் போட, டூர்னமென்ட்டுக்குப் பெட்டி தூக்க என்று மூன்று வருஷம் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பையனிடம் கேளுங்கள்: "உன் வேலை என்னன்னு கோச் சொல்லியிருக்காரா?" அவன் "அவங்க ஆறாம் நம்பரை மறிக்கணும், பந்து இல்லாத வீக் சைடுல ரீபவுண்ட் பாக்கணும், கார்னர்ல திறந்து கிடைச்சா போடணும்" என்கிற மாதிரி உடனே சொன்னால் கவலை இல்லை. "சும்மா நல்லா ஓடச் சொன்னாங்க" என்றால் கோச்சை நேரில் பார்த்துப் பேச வேண்டியதுதான். சண்டை போடாமல், "சார், எம் பையன் எதில் தேறணும்?" என்று கேளுங்கள். ஒழுங்கான கோச் அரை மணி நேரம் பேசுவார்.

அப்புறம், அவன் எப்போது இறங்குகிறான் என்று கவனியுங்கள். இருபது பாயின்ட் முன்னாலோ பின்னாலோ இருக்கும்போது மட்டும் இறக்கினால் அது வேறு. மேட்ச் இழுபறியாக இருக்கிற கடைசி இரண்டு நிமிடத்தில் கோர்ட்டில் இருக்கிறான் என்றால், ஆரம்ப ஐந்தில் பெயர் இல்லாவிட்டாலும் கோச்சின் உண்மையான ஐந்து பேரில் அவன் ஒருவன்.

வேலை, சர்ட்டிஃபிகேட் விஷயம் உங்களுக்கு முக்கியமாக இருக்கும். பல்கலைக்கழக டீமில் இடம்பிடித்துப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால் ஃபார்ம் 3 என்ற சான்றிதழ் வரும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பது அந்த மாதிரி ஃபார்ம்தான். அதில் எந்தப் போட்டி, எப்போது, எங்கே, டீம் என்ன இடம் பிடித்தது என்று எழுத இடம் உண்டு, எத்தனை பாயின்ட் போட்டாய் என்று கேட்கிற வரி கிடையாது. டீமில் 12 பேர் என்றால் 12 பேருக்கும் ஒரே தாள். கல்லூரி டீமில் உழைப்பாளி என்று பெயர் எடுத்தவனைப் பல்கலைக்கழகத் தேர்வில் பதினொன்றாவது, பன்னிரண்டாவது ஆளாக எடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஷூட்டர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருப்பார்கள், எதிர் டீம் ஸ்டாரை மறிக்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஆனால் வேலை நிச்சயம் என்று எண்ணிக்கொண்டு பட்டப்படிப்பைக் கோட்டை விடக் கூடாது. அரியர் விழ ஆரம்பித்தால் காலை பிராக்டிஸை மட்டும் வைத்துக்கொண்டு சாயங்காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த பி.டி. சாரும் அதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது.

சிராய்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் சிராய்ப்பு ஆறிவிடும். இந்தப் பக்கம் பாதிக் கோர்ட்டுகள் சிமென்ட் தரை, அதில் தினமும் குதித்தால் முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி வரும். படி இறங்கும்போது வலிக்கிறது என்று சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். தேய்ந்த ஷூவை மாற்றிக் கொடுங்கள், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

முடிந்தால் மே மாதம் பெரியகுளத்துக்கு வாருங்கள். சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு வங்கி அணிகளும் ராணுவம் போன்ற சர்வீசஸ் அணிகளும் வரும். குமுளியிலிருந்து பஸ்ஸில் மலை இறங்கினால் எட்டிவிடும் தூரம்தான். முதல் குவார்ட்டர் முழுக்கப் பந்தைப் பார்க்காமல், அதிகம் பாயின்ட் எடுக்காத ஒரு போஸ்ட் பிளேயரை மட்டும் பாருங்கள். யாரை மறிக்கிறார், எங்கே ஸ்கிரீன் போடுகிறார், பந்து போனதும் எத்தனை வேகமாகத் திரும்பி ஓடுகிறார் என்று. மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனையே விளக்கச் சொல்லுங்கள். அவன் விளக்குகிற விதத்திலேயே ஆட்டம் எவ்வளவு புரிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். படிப்பா பாஸ்கெட்பாலா என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலும் அவனுடைய வேலை என்னவென்று அவனுக்கும் தெரியாமல், கோச்சாலும் சொல்ல முடியாமல் இருந்தால், அப்போது தாராளமாக விடச் சொல்லலாம்.